குதிரைக்குப் பின்னால் பன்னிரண்டு நாள்

சுருளிப்பேட்டையில் மெத்தைக்கடை வைத்திருந்த நத்தர்ஷா ராவுத்தரைக் குதிரை உதைத்த கதையை, உதை வாங்கியவர் உட்பட யார் சொன்னாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள், அதனால் கேட்கிறவர்களும் சிரித்துக்கொண்டே கேட்டால் பாவமில்லை. உதை விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அவர் தரைக்குத் திரும்பியது அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. நடுவில் எங்கே இருந்தார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மேலே இருந்தார், வேறு எங்கே இருப்பார்?

நம்ம ஊரில் வாய்க்குப் பஞ்சம் கிடையாது, வாய் இல்லாதவன் வாடகைக்காவது ஒன்று எடுத்துக்கொள்வான், ஆனாலும் நத்தர்ஷாவின் வாய்க்கு முன்னால் மற்ற வாயெல்லாம் கொட்டாவி விடத்தான் லாயக்கு. ராவுத்தர் என்றாலே குதிரைக்காரன், மன்னர்களுக்குக் குதிரை பழக்கிக் கொடுத்த ரத்தம் என்று அவர் இலவம்பஞ்சை அடைத்துக்கொண்டே ஆரம்பித்தால், மெத்தை வாங்க வந்தவர்கள் மெத்தையை மறந்துவிட்டுப் போர்க்களத்தில் நிற்பார்கள். கடைச் சுவரில் ஒரு வாள் மாட்டியிருந்தார். அந்த வாளால் வெட்டுப்பட்டவர்களின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனது. இத்தனைக்கும் அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு குதிரையைத் தொட்டதில்லை. வண்டிமாடு எதிரே வந்தாலே அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறவர் என்பது ஊருக்கே தெரியும், தெரிந்தும் யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் கேட்டால் நம்ம கதையை அவர் கேட்பார்.

அவருக்கு ஒரே மகள், ஆரிஃபா. மருந்துக்கடையில் வேலை பார்த்தாள், சத்தமாகப் பேசத் தெரியாத பெண், அந்த வீட்டில் அதற்கு இடமும் இருந்ததில்லை. மலைப்பக்கத்து ஏலக்காய் வியாபாரி ஹனிபா ராவுத்தரின் மகன் இம்தியாஸுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். பேசி முடித்த அன்று, டீ கிளாஸைக் கீழே வைத்த ஹனிபா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க வீட்டு மாப்பிள்ளை எவனும் குதிரையில ஏறாம நிக்காஹுக்கு வந்ததா சரித்திரமே கிடையாது" என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஒரு தலையாட்டலோடு போயிருக்கும். ஆனால் ஒருவர் குதிரை என்று சொல்லி, நத்தர்ஷா சும்மா இருப்பதா?

"எங்க வீட்டுல அதுக்கும் மேல, சம்பந்தி. பள்ளிவாசல்ல இருந்து மண்டபம் வரைக்கும் மாமனாரே தன் கையால கடிவாளம் பிடிச்சு மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வரணும். ஏழு தலைமுறை வழக்கம்."

உள்ளே அவர் மனைவி பாத்துமுத்து கையிலிருந்த தட்டை நழுவவிட்டாள். இருபத்தெட்டு வருஷமாக அந்தக் குடும்பத்தில் வாழ்கிறவளுக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பது அந்த நிமிஷம்தான் தெரியும். ஆனால் நம்ம ஊரில் ஒரு வழக்கம் பழசாவதற்கு ஒரு பொழுது போதும். சாயங்காலத்துக்குள் தெருவில் நாலு பேர், தங்கள் கண்ணால் அப்படிக் கடிவாளம் பிடித்த மாமனார்களைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டார்கள். பிறகு அதை மாற்ற நத்தர்ஷாவாலேயே முடியாது.

நிக்காஹுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம் என்று சந்தைத் திடலுக்குப் போனார். அங்கே வேலுத்தாய் என்று ஒரு அம்மாள் பவுனு என்கிற வெள்ளைக் குதிரையை வைத்திருந்தாள். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று எல்லாவற்றுக்கும் போய்வந்த குதிரை, மேளத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் அசையாத குதிரை. வேலுத்தாய் பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் நாலு பேசுவாள். அன்றைக்கு அவள் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பவுனு கொள்ளுத் தின்றுகொண்டிருந்தது. நத்தர்ஷா குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பூனை மாதிரிச் சத்தமில்லாமல், நேராகக் குதிரையின் பின்பக்கமாக வந்தார்.

"பின்னாடி போகாதீங்க ராவுத்தரே!" என்று வேலுத்தாய் கத்தினாள்.

"எங்க ரத்தம் என்னான்னு குதிரைக்குத் தெரியும் தாயி" என்று சொல்லி, மெத்தையைத் தட்டித் தரம் பார்க்கிற அதே கையால் பவுனுவின் பின்புறத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

அந்தத் தட்டின் சத்தம் அடங்குவதற்குள் அவர் திடலோரத்து வேப்பமரத்தின் நுனிக்குப் பக்கத்தில் இருந்தார். வலிக்கவில்லை. போகிற வேகத்தில் போய், நின்று, இனி விழவேண்டியதுதான் என்று கண்ணை மூடிக் கலிமா சொல்லிக் காத்திருந்தார். விழவில்லை. குடை மட்டும் விழுந்தது.

வேலுத்தாய் அண்ணாந்து பார்த்தாள். "இறங்குங்க, எனக்கு வேலை கிடக்கு."

"இறங்க வரலையே தாயி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பவுனுவை நாலு அடி நடத்திப் பார்த்தாள். மேலே நத்தர்ஷாவும் நாலு அடி நகர்ந்தார். குதிரையை வலப்பக்கம் திருப்பினாள். அவர் சுழன்று போய் மறுபடியும் அதன் வாலுக்கு நேரே, எட்டு முழம் பின்தள்ளி, இரண்டு மாடி உயரத்தில் நின்றார். அது போகிற இடமெல்லாம் அவரும் போவார், அதைத் தவிர வேறெங்கும் போகமாட்டார் என்று விளங்கியதும், வேலுத்தாய் பவுனுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் கடையும் வீடும் இருக்கிற பேட்டைத் தெருவுக்கு நடந்தாள், ஆளை ஒப்படைக்க வேண்டாமா? சந்தை வழியாக, பஸ் ஸ்டாண்டு வழியாக, முன்னால் குதிரை, மேலே மெத்தைக்கடை முதலாளி. "என்ன ராவுத்தரே, மேல போறீங்களா?" என்று பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் விசாரித்தார். "ஆமாப்பா, ஒரு சோலியா" என்று அவரும் பதில் சொன்னார்.

பாத்துமுத்து வாசலுக்கு வந்து பார்த்தாள். முதலில் மாரில் அடித்துக்கொண்டாள், பிறகு, "ஏங்க, காலையில சாப்பிட்டீங்களா?" என்றாள். அடுத்து, கடையில் இருந்த பதினேழு மெத்தைகளையும் இழுத்துவந்து அவருக்குக் கீழே அடுக்கச் சொன்னாள். அடுக்கி முடிப்பதற்குள் பவுனு ஈயை விரட்டிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பிவிடும், அவரும் மெத்தையை விட்டு நகர்ந்துவிடுவார், ஆட்கள் மறுபடியும் பதினேழையும் தூக்குவார்கள். மூன்றாம் நாள், விழுகிறவர் விழுகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று மெத்தையைக் கடைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். குதிரை மட்டும் கடை வாசல் வேப்பமரத்தடியில் தங்கிவிட்டது. வேலுத்தாயும் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு கூடவே தங்கிவிட்டாள்.

ஊர் என்ன பெரிதாகச் செய்துவிடும்? பழகிக்கொண்டது. தேங்காய் பறிக்கிற நீளக் கம்பில் தூக்குச்சட்டியைக் கட்டி மூன்று வேளையும் சோறு ஏற்றினார்கள். மின்வாரிய லைன்மேன் வந்து கம்பிக்கும் அவருக்கும் இடையில் இருக்கிற தூரத்தைக் கண்ணால் அளந்து, "குதிரையை அந்த டிரான்ஸ்பார்மர் பக்கம் மட்டும் விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முடிவெட்டுகிற சலீம் ஏணியில் ஏறிப் பாதியிலேயே தலைசுற்றி இறங்கிவிட்டான், அதனால் கல்யாண வீட்டுக்காரர் தாடி ஒதுக்காமல்தான் இருந்தார். தொழுகை நேரத்தில் அவர் கிப்லாவைப் பார்த்து நிற்கவேண்டுமே என்று வேலுத்தாய் ஐந்து வேளையும் பவுனுவை மேற்கே திருப்பி நிறுத்தினாள். நாலாம் நாளிலிருந்து பாங்கு சத்தம் கேட்டதும் பவுனு தானாகவே திரும்பிக்கொண்டது. பொண்ணுக்கு வலியாக, அதாவது பொறுப்பாளராக இருப்பவர் ஆகாயத்தில் இருந்தால் நிக்காஹ் கூடுமா என்று ஜமாஅத்தில் ஒரு மணி நேரம் பேசினார்கள். தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் வெளியே வந்து அண்ணாந்து, "நான் பேசுறது கேக்குதா?" என்றார். "நல்லாக் கேக்குது ஹஜ்ரத்" என்று மேலேயிருந்து பதில் வந்தது. "அப்பக் கூடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

குதிரையோடு ஒரு தெரு வாழ்வதற்கும் சில முறை உண்டு, அதை வேலுத்தாய்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒருத்தரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை, தப்பாக வருகிறவர்களை ஒரு அதட்டு, அவ்வளவுதான். மூக்குக்கு நேரே இருப்பதும் குதிரைக்குத் தெரியாது, வாலுக்கு நேரே இருப்பதும் தெரியாது, அதனால் சாய்வாகத் தோள்பக்கமாக வா. வரும்போதே ஏதாவது பேசிக்கொண்டு வா. ஓடாதே, அதுக்குப் பக்கத்தில் குடையைப் படக்கென்று விரிக்காதே. முகத்தில் கைவைக்காதே, முதலில் கழுத்தைத் தடவு. தின்னக் கொடுப்பதானால் உள்ளங்கையை விரித்துக் கொடு, விரலை மடக்கினால் விரலும் தீனிதான். காது முன்னால் இருந்தால் சரி, பின்னால் படிந்துவிட்டால் உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ. பின்பக்கமாகப் போயே ஆகவேண்டுமா? ரொம்பத் தள்ளிப் போ.

இதையெல்லாம் மறந்துவிடக் கூடாதென்று பள்ளிவாசல் கமிட்டி தெருமுனைச் சுவரில் பெயிண்டால் எழுதியது: 'குதிரைக்குப் பின்னால் வராதீர்கள். நத்தர்ஷா ஏற்கெனவே இருக்கிறார்.'

ஆறாம் நாள் ஹனிபா ராவுத்தர் காரில் வந்து இறங்கினார். ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார், கழுத்து வலித்ததும் நாற்காலி போடச்சொல்லி அதில் சாய்ந்துகொண்டு பார்த்தார். "சம்பந்தி, உங்க உயரத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லை. அது அல்லா நாடினது. ஆனா வழக்கம்னு ஒண்ணு சொன்னீங்க, நானும் எங்க ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மாமனார் கடிவாளம் பிடிக்கலைன்னா எங்க முகத்துல எவனும் முழிக்கமாட்டான். அன்னைக்குள்ள நீங்க இறங்கலைன்னா தேதியைத் தள்ளிவச்சிக்கலாம்."

தள்ளிவைத்த கல்யாணம் நம்ம பக்கத்தில் எதுவும் நடந்ததில்லை. தள்ளிவைத்ததற்கு ஒரு காரணம் சொல்வார்கள், அது தெருவுக்குத் தெரு ஒரு சுற்றுப் பெருத்து, கடைசியில் பெண்ணுக்கு என்ன குறையோ என்று வந்து நிற்கும். மேலேயிருந்து பார்த்த நத்தர்ஷாவுக்கு ஹனிபாவின் தொப்பி தெரிந்தது, சன்னலில் நின்ற ஆரிஃபாவும் தெரிந்தாள். அவள் இம்தியாஸுக்காக வாங்கிவைத்திருந்த கைக்கடிகாரத்தின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். இறங்கியே ஆகவேண்டும் என்று அதுவரை அவர் அவ்வளவு அழுத்தமாக நினைக்கவில்லை, உண்மையைச் சொன்னால் மேலே இருப்பது கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது, ஊர் முழுக்க அவரைத்தானே அண்ணாந்து பார்த்தது.

"தாயி, என்னை எப்படியாவது இறக்கிவிடு."

"நானா ஏத்தினேன்? பவுனுகிட்டக் கேளுங்க" என்றாள் வேலுத்தாய். "அதுக்கு உதைச்சது யாரைன்னே தெரியாது. பின்னாடி வந்தீங்க, பேசாம வந்தீங்க. யாருன்னு தெரியாத ஆளை அது எப்படி இறக்கும்? நீங்க யாரு, எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க. கத்தாதீங்க. பேசுங்க."

நத்தர்ஷா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "பவுனு! நான் நத்தர்ஷா ராவுத்தர்! மன்னருக்குக் குதிரை பழக்கின பரம்பரை!" என்று ஆரம்பித்தார். பவுனுவின் இரண்டு காதும் பிடரியோடு ஒட்டிப் படிந்தன. நத்தர்ஷா விருட்டென்று இரண்டு முழம் மேலே போனார்.

"சோத்துக் கம்பு எட்டாதுங்க!" என்று பாத்துமுத்து கீழேயிருந்து அலறினாள்.

அன்றைக்கு முழுக்க வீம்பாகக் கிடந்தார். மறுநாள் காலையில் பசி. பசியில் வீராப்பு நிற்காது. மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல, "பவுனு, நான் மெத்தைக்கடை நத்தர்ஷா. உன்னைத் தட்டினது நான்தான். எனக்குக் குதிரைன்னா பயம்" என்றார். பவுனு தின்பதை நிறுத்தியது. அதன் இடது காது மட்டும் மெல்லப் பின்பக்கம் திரும்பி, அவர் இருக்கிற திசையில் நின்றது. அவர் மூன்று முழம் இறங்கினார்.

விஷயம் பிடிபட்டுவிட்டது. உண்மையைச் சொன்னால் பவுனு காதுகொடுக்கும், அது காதுகொடுத்தால் இவர் இறங்குவார். இதில் ஒரே ஒரு சங்கடம், இரண்டு மாடி உயரத்திலிருந்து குதிரைக்குக் கேட்கிறமாதிரிச் சொன்னால் தெருவுக்கும் கேட்கும். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் ஆட்கள் வந்து வேப்பமரத்தைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள், எல்லோரும் குதிரையின் தோள்பக்கமாகவே வந்து, வரும்போதே பேசிக்கொண்டே வந்து, ஒழுங்காக உட்கார்ந்தார்கள். சுண்டல்காரரும் வந்தார். முதலில் நத்தர்ஷா புத்திசாலித்தனமாக அடுத்தவர்களைப் பற்றிய உண்மைகளைச் சொல்லிப் பார்த்தார், பள்ளிவாசல் நிர்வாகி முத்தவல்லியின் நெல் மூட்டை விவகாரம், சலீமின் தலைமயிர் ஒட்டவைத்தது என்பதெல்லாம். ஒரு விரல்கூட இறங்கவில்லை. கூட்டத்தில்தான் நாலு பேர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

வேறு வழியில்லாமல் தன்னுடையதையே எடுத்தார். கடைச் சுவரில் இருக்கிற வாள் நாடகக் கம்பெனி கலைந்தபோது வாங்கியது, அட்டையில் ஈயம் பூசியது, அதனால் வெண்ணெயைக்கூட வெட்டமுடியாது. ஒரு முழம். அவருடைய அத்தாவின் அத்தா குதிரை ஏறியவர் இல்லை, குதிரைகளுக்குக் கொள்ளு விற்றவர், அதுவும் தூரத்திலிருந்தே சாக்கைத் தள்ளிவிட்டு வந்துவிடுவார். ஒன்றரை முழம். கொள்ளு என்ற வார்த்தைக்குப் பவுனு இரண்டு காதையும் திருப்பியது. சுத்த இலவம்பஞ்சு என்று விற்ற மெத்தைகளில் கழிவுப் பஞ்சைக் கலந்தது உண்டு. அதைச் சொன்னதும் கூட்டத்தில் மூன்று பேர் எழுந்து, "அதானே பார்த்தேன், இடுப்பு பிடிச்சுக்கிச்சே!" என்று கத்தினார்கள். எல்லா மெத்தையையும் பிரித்து நல்ல பஞ்சு அடைத்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். சடசடவென்று மூன்று முழம் இறங்கினார். அவமானத்தில் காது மடல் சுட்டது. ஆனால் அதற்கப்புறம் மூச்சு கொஞ்சம் லேசாக வந்ததையும் அவர் கவனித்தார்.

சனிக்கிழமை மதியத்துக்குள் அவர் பாதம் பவுனுவின் முதுகு உயரத்துக்கு வந்திருந்தது. அதற்கு மேல் என்ன சொல்லியும் இறங்கவில்லை. சின்ன வயதில் மாங்காய் திருடியது, பரீட்சையில் காப்பி அடித்தது எல்லாம் சொல்லிப் பார்த்தார். பவுனு கொட்டாவி விட்டது. மிச்சம் இருப்பது எது என்று அவருக்குத் தெரியாதா? ஏழு தலைமுறை வழக்கம்தான். அதைச் சொன்னால் இறங்கலாம், ஆனால் பொய்க்காரன் வீட்டுப் பெண் வேண்டாம் என்று ஹனிபா எழுந்து போய்விடுவார். சொல்லாவிட்டால் கடிவாளம் பிடிக்க ஆளில்லை, அதற்கும் எழுந்து போய்விடுவார்.

சாப்பாட்டை அன்றைக்கு ஆரிஃபா எடுத்துவந்தாள். கம்பு தேவையில்லை, நாற்காலியில் ஏறிக் கையில் கொடுத்தாள்.

"சொன்னாலும் கல்யாணம் நின்னுபோகும்மா. சொல்லாட்டியும் நின்னுபோகும்."

"அத்தா, முதல்ல குழம்பு ஊத்திச் சாப்பிடுங்க" என்றாள். அவர் சாப்பிடும்வரை நாற்காலியிலேயே நின்றாள். பிறகு, "எனக்கு இம்தியாஸைப் பிடிச்சிருக்கு. அதையும் உங்ககிட்ட நான் சொல்லவே இல்லை, நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்கு யாரைப் பிடிக்கும் பிடிக்காது என்று இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டதுண்டா என்று யோசித்துப் பார்த்தார், அப்படி ஒரு நாளும் ஞாபகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்தார்கள். பள்ளிவாசல் முன்னால் பவுனு மல்லிகைச் சரமும் ஜரிகைச் சேணமுமாக நின்றது, அதற்குப் பின்னால் நத்தர்ஷா புதுச் சட்டையும் ஒதுக்காத தாடியுமாக நின்றார். நின்றார் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஹனிபா முன்னால் வந்தார். அவர் ஊர்க்காரர்கள் பின்னால் வந்தார்கள். மண்டபத்து மாடி சன்னலில் பெண்கள் கூடியிருந்தார்கள்.

"என்ன சம்பந்தி, முக்கால்வாசி இறங்கிட்டீங்க போல. கடிவாளம் பிடிக்க வருவீங்களா?"

நத்தர்ஷா அவரைப் பார்க்கவில்லை. பவுனுவின் காதைப் பார்த்துக்கொண்டு, அதற்குச் சொல்வதாகவே சொன்னார்: "பவுனு, மாமனார் கடிவாளம் பிடிக்கிற வழக்கம் எங்க வீட்டுல கிடையாது. ஏழு தலைமுறையும் கிடையாது, ஒரு தலைமுறையும் கிடையாது. டீ குடிக்கிற நேரத்துல நான் இட்டுக்கட்டினது."

பொத்தென்று இறங்கினார். ஆனால் தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டார். ஹனிபாவின் முகம் கறுத்தது. நத்தர்ஷா காலை உதறிப் பார்த்தார், எட்டவில்லை.

"இன்னும் இருக்கு ராவுத்தரே" என்றாள் வேலுத்தாய். "காது இன்னும் உங்க பக்கம்தான் இருக்கு."

"அவ்வளவுதான் தாயி, வேற ஒண்ணும் இல்லை" என்றார். இரண்டு விரல் உயர்ந்தார். மாடி சன்னலைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வாயிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று நம்ம ஊருக்குத் தெரியாது, பின்வரிசைக்காரர்கள் முன்வரிசைக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"எம்பிள்ளை போற அன்னைக்கு நான் என்ன பண்றது? எல்லாருக்கும் வேலை இருக்கும். அவளுக்குப் பூ வைக்க ஆளிருக்கு, சோறு போட ஆளிருக்கு. நான் ஓரமா ஒரு நாற்காலியில உட்கார்ந்து அவ போறதைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். என்னால முடியாதுன்னு தோணுச்சு. கையில எதையாவது பிடிச்சுக்கிட்டா அன்னைக்கு நான் விழாம இருப்பேன்னு நினைச்சேன். அதான் வாயில கடிவாளம்னு வந்துருச்சு."

பாதம் தரையில் பட்டது. பன்னிரண்டு நாள் கழித்து மண், அதுவும் வெயிலில் காய்ந்த மண். முன்னால் சாய்ந்தவரைச் சலீம் ஓடிவந்து தாங்கிக்கொண்டான். முடியைப் பற்றிச் சொன்னதை அந்த ஒரு நிமிஷம் அவன் மறந்திருந்தான்.

ஹனிபா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் மாலையும் தலைப்பாகையுமாக இருந்த இம்தியாஸ், "மாமா, எனக்கும் குதிரைன்னா பயம்" என்றான். "எங்க வீட்டுலயும் யாரும் ஏறினதில்லை. அத்தாவோட நிக்காஹுக்கு ஜீப்புலதான் வந்தாங்க. பத்து நாளா மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல கால் ரெண்டையும் போட்டு உட்கார்ந்து பழகினேன். நேத்து அதுலயிருந்தும் விழுந்துட்டேன்." சட்டைக் கையை மேலே தள்ளிச் சிராய்ப்பைக் காட்டினான்.

ஹனிபா மகனைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் தன்னுடைய வாயே திரும்பி வந்து நிற்பதுபோல இருந்திருக்கும். "டயர் பஞ்சரான ஜீப்பு" என்றார் கடைசியில். "பாதித் தூரம் தள்ளிக்கிட்டு வந்தோம்." முதலில் சிரித்தது மாடி சன்னல்தான். பாத்துமுத்துவின் சிரிப்பு அதில் தனியாகக் கேட்டது. பிறகு தெருவே சிரித்தது.

நத்தர்ஷா பவுனுவின் இடது தோள்பக்கமாகச் சாய்வாக வந்தார், வரும்போதே, "நான்தான், நத்தர்ஷா, மெத்தைக்கடை, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கழுத்தைத் தடவினார். பவுனு தலையைத் திருப்பி அவரை முதல் முறையாகப் பார்த்தது, இவ்வளவு நாள் பின்னால் கேட்ட குரலுக்கு இதுதானா ஆள் என்கிற மாதிரி ஒரு பார்வை. வேலுத்தாய் கயிற்றை நீட்டினாள். அவர் அதை வாங்கி உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"சுத்தக் கூடாது" என்று அவள் சுற்றைப் பிரித்துவிட்டாள். "அது போகணும்னு நினைச்சா கையையும் சேர்த்துக் கொண்டுபோயிரும். மடிச்சுப் பிடிங்க. எப்ப வேணும்னாலும் விடுற மாதிரி."

ஊர்வலம் கிளம்பியது. குதிரையின் இடப்பக்கம் கயிற்றை மடித்துப் பிடித்தபடி மாமனார், வலப்பக்கம் பாதுகாப்பான தூரத்தில் மாப்பிள்ளை, நடுவில் யாரும் ஏறாத சேணத்தோடு பவுனு. அடுத்த கல்யாணத்துக்கு வேலுத்தாயைக் கேட்டு வந்தவர்கள், வெறுஞ்சேணத்தோடு குதிரை நடக்க, இரண்டு பக்கமும் மாமனாரும் மருமகனும் நடப்பதுதான் பேட்டைத் தெருவின் ஆதி வழக்கம் என்று அடித்துச் சொன்னார்கள். எத்தனை தலைமுறை என்பதில் மட்டும் கொஞ்சம் கருத்து வேற்றுமை இருந்தது.

நிக்காஹ் முடிந்தது, பிரியாணி முடிந்தது, மாப்பிள்ளை வீட்டுக் கார் வாசலில் வந்து நின்றது. நத்தர்ஷாவின் கையில் கயிறும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் ஓரமாக நாற்காலியில் உட்காரவும் இல்லை, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ விளம்பரத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் விறைத்துப்போயிருந்தன. யாராவது பின்னாலிருந்து தொட்டால் என்ன செய்வாரோ என்று இருந்தது.

ஆரிஃபா காருக்குப் போகிற வழியில் நின்றாள். பட்டுச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேராகப் போகாமல் சுற்றி, அவருடைய இடப்பக்கமாக, அவர் கண்ணில் படுகிற மாதிரி வந்தாள்.

"அத்தா, நான்தான் வர்றேன்" என்றாள் தூரத்திலேயே. "இங்கதான் இருக்கேன். பக்கத்துல வர்றேன்."

அவர் திரும்பவில்லை. ஆனால் படிப்பதை நிறுத்திவிட்டார். அவள் மெதுவாக வந்து, முதலில் தோளில் கைவைத்தாள். அது தளரும்வரை கையை எடுக்காமல் நின்றாள்.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார் நத்தர்ஷா.

"எனக்கும்தான் அத்தா" என்றாள் ஆரிஃபா. டிரைவர் ஹாரனில் கைவைக்கப் போனார், வேலுத்தாய் சாய்வாக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.